சொந்த சாகுபடி

எனக்கு மறதி அதிகம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டே வீடு முழுவதும் தேடுகிற ரகம். ஆனால் ஒரே ஒரு ஆளை நாற்பத்தேழு வருஷமாக ஒருநாள்கூட மறந்ததில்லை. அவர் மேல் எனக்குக் காதல் என்று நினைத்துவிடாதீர்கள். காதலாக இருந்தால் கல்யாணமான ஆறாம் மாசமே மறந்திருக்கும். இது வஞ்சம். அதை வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்த்தேன்.

அவர் மிராசுதார் வீட்டுப் பிள்ளை. இப்போது பெரிய ஓவியர். பாபநாசம் தாண்டி, கும்பகோணம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தங்கள் குடும்பத்து நெல் கிடங்கை வெள்ளையடித்து ஓவியக்கூடம் ஆக்கியிருக்கிறார், அதற்குள்ளேயே ஒரு ரெஸ்டாரண்டும் வைத்திருக்கிறார் என்று என்னிடம் வழக்குக்காக வந்த ஒருவர் சொன்னார். படம் பார்த்துக்கொண்டே சாப்பிடலாமாம். நான் அன்றைக்கு அந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிக்கொள்ளவில்லை. கிடங்கின் விலாசத்தைத்தான் எழுதிக்கொண்டேன்.

எங்கள் அப்பா அந்த வீட்டு நிலத்தில் ஆறு மாவைக் குத்தகைக்குச் செய்தவர். ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். எல்லாம் வாய்ப்பேச்சு. நெல்லை அளந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். சீட்டு எழுதித் தரமாட்டார்கள். பிறகு ஆட்சி மாறி, நிலத்தில் உழுகிறவன் பெயரைக் குத்தகைதாரர் என்று பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிவாகிவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. அவ்வளவுதான், வேட்டியில் ஒரு பொட்டுச் சேறு படாத மிராசுதார்கள் எல்லாம் ஒரே இரவில் உழவர்கள் ஆகிவிட்டார்கள். குத்தகைக்காரன் என்று ஒருவனும் கிடையாது, நாங்களே சொந்த சாகுபடி செய்கிறோம் என்று ஊருக்கு ஊர் சொன்னார்கள். அப்பா கொடிபிடிக்கிறவர் இல்லை. இருந்தாலும் தைரியமாக மனு கொடுத்தார். தாலுகா ஆபீசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. அண்ணனுக்குப் பதின்மூன்று. நாங்கள் இருவரும் அப்பாவோடு சுவரோரம் நின்றோம். மிராசுதார் வரவில்லை; மதராஸில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை அனுப்பியிருந்தார். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. சத்தியம் செய்துவிட்டு அவர் சொன்னார்: அந்த ஆறு மாவை நாங்களே சாகுபடி செய்கிறோம், லீவுக்கு வரும்போதெல்லாம் நானே சேற்றில் இறங்கி நடவு நட்டிருக்கிறேன், இவர் எங்களிடம் கூலிக்கு வந்தவர். அப்பாவுக்கு வந்த வக்கீல் டவுன்காரர். ஏக்கருக்கு எத்தனை முடி, அதாவது எத்தனை கட்டு நாற்று, எத்தனை நடவு ஆள், எத்தனை நாள் நாற்று என்றெல்லாம் கேட்டார். பிள்ளை எல்லாவற்றுக்கும் வாய்ப்பாடு மாதிரி பதில் சொன்னார். அப்பா வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். வக்கீல் திரும்பாமலே, "சும்மா இருய்யா" என்றார்.

மனு தள்ளுபடி. அடுத்த நடவுக்கு நாங்கள் அந்த வயலில் இறங்கவில்லை.

அண்ணன் எட்டாவதோடு நின்றான். நெல் மூட்டை ஏற்றும் லாரியில் கிளீனராகப் போனான், பிறகு டிரைவரானான், பிறகு முப்பது வருஷம் தனியார் பஸ் ஓட்டினான். அவன் சம்பாதித்த காசில்தான் நான் படித்தேன். நான் ஏன் சட்டம் படித்தேன் என்று யாராவது கேட்டால் சமூக நீதி, அது இது என்று சொல்வேன். உண்மை என்னவென்றால், அந்த ஆளை ஒருதடவை கூண்டில் ஏற்றி நானே குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அவ்வளவுதான். அப்பா சாகிற வரைக்கும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: "கேக்க வேண்டிய கேள்வியைக் கேக்காம விட்டுட்டாங்க." என்ன கேள்வி என்று கேட்டால், "இனிமே தெரிஞ்சு என்ன பண்ணப்போறே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அந்தக் கேள்வி என்னவாக இருக்கும் என்று நான் தொழிலில் இருந்த காலம் முழுக்க யோசித்திருக்கிறேன். யார் பயிர் செய்தது என்று எழுதுகிற அடங்கல் கணக்கைக் காட்டச் சொல்லியிருக்கலாம், உர ரசீதைக் கேட்டிருக்கலாம், நடவு நாளில் அவர் கல்லூரியில் ஆஜரா என்று பதிவேட்டை வரவழைத்திருக்கலாம். எல்லாம் காகிதம். வக்கீலுக்குக் காகிதத்தைத் தவிர என்ன தெரியும்?

புரட்டாசியில் அண்ணனுக்கு அறுபது முடிந்தது. ஹோட்டலில் சாப்பிடலாம் வா என்று கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று சொல்லவில்லை. கார் சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பாப்பா, இது அவங்க கிடங்குல்ல?"

"இப்ப ஹோட்டல்ண்ணே. யார் வேணா போலாம்."

"நீ வம்புக்குத்தான் போறே."

"சாப்பிடத்தான் போறேன். பசி."

அண்ணன் புதுவேட்டியின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டான். அவன் அப்படித்தான். பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை வந்தால்கூட வண்டியை நிறுத்திவிட்டு, "முடிச்சுட்டுச் சொல்லுங்க, எடுக்கிறேன்" என்று உட்கார்ந்திருப்பவன். என் கோபத்தில் பாதி, அவனுக்கு வரவேண்டிய கோபத்தையும் சேர்த்து நான் படவேண்டியிருந்ததால் வந்தது.

கிடங்கை அழகாகத்தான் செய்திருந்தார், இல்லை என்று சொன்னால் பொய். உயரமான கூரையும் உத்திரமும் அப்படியே இருந்தன. தரை கண்ணாடி மாதிரி வழுவழுவென்று. சுவரெல்லாம் படங்கள், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு விளக்கு. மனிதர்கள் சாப்பிடும் மேஜைகளுக்குத்தான் வெளிச்சம் போதவில்லை. நாற்காலி உட்காருவதற்காகச் செய்ததில்லை, பார்ப்பதற்காகச் செய்தது. பின்பக்கச் சுவரை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே வயல். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. சாப்பிடுகிறவர்கள் பார்க்க வேண்டுமென்றே அந்த வயலை வைத்திருக்கிறார்கள் என்று மேஜையில் கிடந்த அட்டை சொன்னது. அதே அட்டையில் ஓவியரைப் பற்றியும் எழுதியிருந்தது: சேற்றில் கால்பதித்து வளர்ந்தவர், தம் கையால் நடவு நட்ட மண்ணையே தீட்டுகிறவர்.

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. பொய்ச் சத்தியம் செய்தவர்கள் வெளியே வந்ததும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இவர் அதைப் பெயர்ப்பலகை ஆக்கியிருந்தார்.

"பாப்பா, அந்த மதகைப் பாரு," என்றான் அண்ணன். கண்ணாடிக்கு வெளியே, வாய்க்கால் வளைகிற இடத்தில், உடைந்த மூலையோடு ஒரு சின்ன மதகு. "நம்ம மடைதான் அது. நம்ம வயல்."

அப்பா இழந்த ஆறு மா எதிரே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட எந்தெந்த ஊரிலிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். என் முறை வந்திருக்கிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு மெனு அட்டையைப் பிரித்தேன்.

புரட்டாசி என்பதால் அண்ணன் கறி மீன் தொடமாட்டான். எதையோ சொன்னோம், எதுவோ வந்தது. பரிமாறியவர் பெரிய கறுப்புத் தட்டை வைத்து, அதன் நடுவில் இருந்த ஒரு கைப்பிடிச் சோற்றுக்கு இரண்டு நிமிஷம் விளக்கம் சொன்னார். சோற்றை அச்சில் அழுத்திக் கவிழ்த்திருந்தார்கள். ஓரத்தில் நாலு சொட்டு வத்தக்குழம்பு, மேலே ஒரு பூ. அண்ணன் அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்து, "நல்லா இருக்குங்க, சோறு எப்ப வரும்?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான்.

நான் வயலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எனக்கு எதிரே, உள்சுவரைப் பார்த்தபடி. அந்தச் சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரே ஒரு படம். நடவு நடுகிற மூன்று பெண்கள், குனிந்த நிலையில், நம்மைப் பார்த்தபடி. எங்கள் வயல்தான், மதகுகூட இருந்தது. முகங்களும் கைகளும் அருமையாக வந்திருந்தன. அதைப் பாராட்ட எனக்கு மனசில்லை, ஆனால் வந்திருந்தன. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தான். திடீரென்று அவனுக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால், சிரிக்கிறான்.

"என்னண்ணே?"

"இல்ல, இந்தப் பொம்பளைங்க நட்டதையெல்லாம் மிதிச்சுக்கிட்டுல்ல வர்றாங்க."

எனக்கு விளங்கவில்லை. படிக்க அனுப்பப்பட்டவள் நான். வரப்பில் நின்று பார்த்ததுதான் என் விவசாயம்.

"நல்லாப் பாரு பாப்பா. அவங்களுக்குப் பின்னால பச்சையா நட்டு முடிச்சிருக்கு. முன்னால வெறுஞ்சேறு. அப்ப முன்னால நகர்ந்து வர்றாங்கன்னுதானே அர்த்தம்? நடவுல யாராச்சும் முன்னால போவாங்களா? குனிஞ்சு முன்னால ஊனணும், ஒரு எட்டு பின்னால வைக்கணும். முன்னால போனா நட்டது காலுக்கடியில போயிடும்."

நான் திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வெளியே பெண்கள் வரிசையாகக் குனிந்து, ஊன்றி, ஊன்றி, பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார்கள். நட்ட பச்சை அவர்களுக்கு முன்னால் நீண்டது. வயலில் இறங்கிய குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். அப்பா கோட்டைப் பிடித்து இழுத்தது இதற்குத்தான். நடவு ஆள் எந்தப் பக்கம் நகருவாள்? அவ்வளவுதான் கேள்வி. சேற்றில் ஒருநாள் இறங்கியவன் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான், இறங்காதவன் எத்தனை மனப்பாடம் செய்தாலும் மாட்டுவான். டவுன் வக்கீலுக்கு அது தோன்றவில்லை. வக்கீலாகி முப்பது வருஷம் ஆன எனக்கும் தோன்றவில்லை. எட்டாவதோடு நின்றவன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு கண்டுபிடித்தான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் சுவர் முழுக்க வரைந்து, கீழே கையெழுத்தும் போட்டு, விளக்கும் போட்டிருந்தது.

அவர் அப்போது கூடத்துக்குள் வந்தார். எழுபதை நெருங்கிய வயது, நரைத்த குடுமி, கசங்கவேண்டுமென்றே கசங்கிய சட்டை. அந்தப் படத்தை வாங்குகிற யோசனையோடு சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு கணவன் மனைவியை அழைத்துவந்து படத்தின் முன் நிறுத்தினார். எங்கள் மேஜைக்குப் பக்கத்தில்தான். நான் எழுந்து, இருக்கிற பணிவையெல்லாம் குரலில் கூட்டிக்கொண்டு, "சார், வணக்கம். படம் பிரமாதம்" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு சார். அட்டையில போட்டிருக்கே, நீங்களே நடவு நட்டிருக்கீங்களா?"

"ஓ. சின்ன வயசுல. காலேஜ் லீவு முழுக்க வயல்தான்."

"இந்த வயல்லயா சார்?"

"இதே வயல்தான்."

சாட்சியைச் சுவரோரம் கொண்டுவந்தாயிற்று. சென்னைக்காரர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் படத்துல இவங்க எந்தப் பக்கம் போறாங்க சார்?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. முகம் மலர்ந்தது. "நம்மளைப் பார்த்து வர்றாங்கம்மா. பின்னால முடிச்ச வேலை, முன்னால எதிர்காலம். உழைக்கிறவங்க எப்பவும் முன்னோக்கித்தானே போவாங்க? அதுதான் இந்தப் படத்தோட உயிரே."

"அண்ணே," என்றேன், "நீ சொல்லு."

அண்ணன் என்னைக் கெஞ்சலாகப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று, மிகவும் தாழ்ந்த குரலில், "கோவிச்சுக்காதீங்க ஐயா. நடவுல பின்னாலதான் நகருவாங்க" என்று சொல்லிக் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினான்.

எல்லோரும் வெளியே பார்த்தார்கள். சென்னைக்காரர் படத்தைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். அவர் மனைவி, "அட, ஆமாங்க!" என்று வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஓவியர் மட்டும் வயலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கழுத்து சிவந்ததைப் பார்த்தேன். எனக்கு என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

"இதே வயல்ல நட்டதா சத்தியம் பண்ணீங்களே சார்," என்றேன். "தாலுகா ஆபீஸ்ல. வெள்ளைப் பேண்ட் போட்டுக்கிட்டு."

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

"மதகோரம் ஆறு மா செஞ்சாரே, அவர் பொண்ணு. இது அவர் புள்ள."

மறுப்பார், ஆளைக் கூப்பிட்டு எங்களை வெளியே அனுப்பச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத்தான் தயாராக வந்திருந்தேன். அவர் எங்கள் மேஜையின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சென்னைக்காரர்கள் நாசூக்காக நாலடி தள்ளிப் போய் வேறு படத்தைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டு காதை இங்கே வைத்திருந்தார்கள்.

"எங்கப்பா ஒரு வாரம் உட்காரவச்சு மனப்பாடம் பண்ணவச்சார்," என்றார். "எத்தனை முடி, எத்தனை ஆளு, எல்லாம். இதை அவர் சொல்லித் தரலை. அன்னைக்கு இதைக் கேட்டிருந்தா மாட்டியிருப்பேன். சொல்லலைன்னா படிப்பை நிறுத்திடுவேன்னாரும்மா. எனக்கு அப்ப படிப்பை விட்டா வேற எதுவும் தெரியலை."

"உங்க படிப்பு நிக்கலை. எங்க அண்ணன் படிப்பு நின்னுது."

அவர் படத்தை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "நீங்க ஒரு தடவை பக்கத்துல இருந்து சொன்னீங்கன்னா, படத்தைத் திருத்திடுவேன்" என்றார்.

பார்த்தீர்களா! நிலத்தை எடுத்தாயிற்று, இப்போது படத்தைச் சரிசெய்யத் தொழிலையும் கொடுக்க வேண்டுமாம். "வேணாம்," என்றேன். "அது தப்பாவே தொங்கட்டும். உங்களுக்குப் பின்னாலயும் தொங்கட்டும். வர்றவங்க பார்த்துச் சிரிக்கட்டும்."

"இரு பாப்பா," என்றான் அண்ணன். அவன் என்னை இடைமறித்து நான் பார்த்ததே இல்லை. ஓவியரைப் பார்த்து, "இங்க உக்காந்து சொன்னா வெளங்காதுங்க. இறங்கினாத்தான் தெரியும். வாங்க" என்றான்.

இருவரும் பக்கவாசல் வழியாக வயலுக்குப் போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். அண்ணன் புதுவேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஓவியர் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, வரப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்தார். அது உள்ளே போனதும் "ஐயோ" என்றார். நடவுப் பெண்கள் நிமிர்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சாப்பிட வந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து வந்து, கையில் போனோடு வரிசையாக நின்றார்கள்.

"இடதுகையில முடியைப் பிடிங்க. வலதுகையால மூணு நாலு நாத்துப் பிரிங்க. வேரை விரலோட சேத்து ஊனுங்க. ஆச்சா? இப்ப ஒரு எட்டு பின்னால."

ஓவியர் ஊன்றினார். நடக்கிற பழக்க தோஷம், முன்னால் ஒரு எட்டு வைத்தார். நட்டது காலுக்கடியில் போனது. "ஐயா, மிதிச்சிட்டீங்களே!" என்று ஒரு பெண் கத்த, வரிசையே சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. பொறுமையாக மறுபடி சொன்னான். மறுபடி. பத்துப் பன்னிரண்டு குத்து நட்டதும் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு, "போதுங்க, ஏறிக்கிறேன்" என்றார்.

"அதுக்குள்ள ஏறினா எப்படிங்க?" என்றான் அண்ணன். "சொந்த சாகுபடியாச்சே."

அதைக் கோபமாகச் சொன்னானா, சாதாரணமாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரை இன்னும் இரண்டு வரிசைக்கு ஏற விடவில்லை. நான் வரப்பில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நாற்பத்தேழு வருஷப் பசிக்கு வயிறு நிறையக் கிடைத்தது. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

ஓவியர் ஒருவழியாக ஏறி என் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அண்ணன் ஏறவில்லை. நான் கூப்பிட்டேன். அவன் குனிந்தபடியே ஒரு கையைத் தூக்கி, நீ போ என்று காட்டினான். பெண்கள் அவனுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவர்களோடு ஒருவனாக ஊன்றி ஊன்றி பின்னால் போய்க்கொண்டிருந்தான். ஆண்கள் நடவு நடுவது வழக்கமில்லை. நாங்கள் நிலத்தை இழக்கும் முன் கடைசிப் போகத்தில் ஆள் கிடைக்காமல் அம்மாவோடு அவனும் நட்டிருக்கிறான். அறுபது வயதில் அந்தக் கை மறக்கவில்லை. அவன் கை போகிற வேகத்தைப் பார்த்தபோது என் சிரிப்பு நின்றது.

என் அண்ணன் படிப்பைப் பறித்துவிட்டார்கள் என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கையில் நாலு காசு சேர்ந்தபோது, பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு வருகிறது, உனக்கு வாங்கித் தருகிறேன் என்றேன். "வேற நிலம் எதுக்கு?" என்றான். அந்த 'வேற' என்ற சொல்லை நான் அன்றைக்குக் காதில் வாங்கவேயில்லை. அவன் பள்ளிக்கூடத்துக்காக ஏங்கியவன் இல்லை. அவன் விவசாயி. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய விவசாயி. நான் இத்தனை காலமும் தப்பான குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு வழக்கு நடத்தியிருக்கிறேன். இதற்கு அந்த ஆளை இரண்டு வரிசை நடவைத்தால் தீருமா? என் வஞ்சத்துக்குப் புதிதாகப் பசி எடுத்தது.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றார் பக்கத்திலிருந்தவர். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

"மன்னிப்பு எனக்கு எதுக்கு சார்? இந்த ஆறு மாவை எங்க அண்ணனுக்குக் குத்தகைக்கு விடுங்க. இந்தத் தடவை எழுத்துல."

அவர் வயலைப் பார்த்தார். திரும்பி, கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்தார்.

"இது ரெஸ்டாரண்டுக்காக வச்சிருக்கிற வயலும்மா."

"வயல் எங்கயும் போகாது. அவன் நடுவான், நீங்க பாருங்க. வாங்குறவங்களும் பார்க்கட்டும்."

நான் பையிலிருந்து தாளும் பேனாவும் எடுத்தேன். வரப்பிலேயே உட்கார்ந்து நாலு வரி எழுதி, படித்துக் காட்டி, அவரிடம் நீட்டினேன். அவர் சேற்றுக் கைகளைத் தூக்கிக் காட்டினார்.

"கை அலம்பிட்டு வந்துடறேன்," என்று எழுந்து உள்ளே போனார்.

அண்ணன் வரிசையை முடித்தான். அடுத்த வரிசையையும் முடித்தான். வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு வந்து, "மண்ணை நல்லாத்தான் வச்சிருக்காங்க" என்றான். அவர் வரவில்லை. பரிமாறுகிறவர்தான் வந்தார், சார் அனுப்பினார் என்று இரண்டு கிண்ணத்தில் பாயசத்தோடு.

அண்ணன் மறந்துவிடு என்கிறான். நான் மாதாமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிடங்குக்குப் போகிறேன். அதே மேஜை. ஒரு காப்பி. அந்தத் தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்து, அதன்மேல் பேனாவை வைத்து, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, பக்கத்து மேஜைகளுக்கும் கேட்கிற மாதிரிச் சொல்கிறேன்:

"சார்கிட்ட போய்க் கேளுங்க, கை அலம்பி முடிச்சாச்சான்னு."